கல்யாண போட்டோவுக்குப் புது கேமரா பாடி வாங்கலாமா? மலையில் போட்டோ வேலை பார்ப்பவர்களுக்கு

ஒவ்வொரு சீசன் முடியும்போதும் கையில் கொஞ்சம் காசு நிற்கும், யூடியூபில் புதிதாக வந்த பாடியைப் (லென்ஸ் சேராத கேமராவை) பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள், கூட வேலை பார்க்கும் பையன் ஒருத்தன் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வாங்கி ஸ்டேட்டஸ் போட்டிருப்பான், உடனே நமக்கும் கை அரிக்கும். அரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் லட்சக்கணக்கில் எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி ஒரு வேலை செய்யுங்கள்: போன சீசனில் எடுத்து, கல்யாண வீட்டுப் பார்ட்டிக்குக் கொடுக்காமல் கழித்த படங்களைத் திறந்து பாருங்கள். நன்றாக வந்த படங்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, அவை இப்போது கையில் இருக்கும் கேமராவில்தானே நன்றாக வந்தன. காசு எங்கே போக வேண்டும் என்று சொல்வது கழிவுதான்.

படங்களை அடுக்கித் திருத்தும் சாஃப்ட்வேரான லைட்ரூமில் இது சுலபம். மூன்று நான்கு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரி வேண்டாம்: விடியற்கால முகூர்த்தம் ஒன்று, சர்ச் கல்யாணம் ஒன்று, ராத்திரி ரிசப்ஷன் ஒன்று, முடிந்தால் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) நடந்த படுகர் கல்யாணம் ஒன்று. கழித்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் லேபிள் கொடுங்கள். ஃபோகஸ் போனது சிவப்பு, ஆள் அசைந்து மங்கியது மஞ்சள், நாய்ஸ் (இருட்டில் எடுத்தால் வரும் புள்ளி புள்ளியான கரகரப்பு) தாங்காதது பச்சை, வெளிச்சமோ ஃப்ளாஷோ சொதப்பியது நீலம், கண் மூடியது, குறுக்கே சித்தப்பா வந்தது எல்லாம் ஊதா. முடித்துவிட்டு மேலே மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து, எந்த லென்ஸில், எந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்), எந்த ஷட்டர் வேகத்தில் இவை குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஊதாதான் அதிகம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. உலகத்தில் எந்த பாடியும் சித்தப்பாவை நகர்த்தாது.

மஞ்சளும் பெரும்பாலும் பாடி சம்பந்தப்பட்டதில்லை. தாலி கட்டும்போது கை ஓடுகிறது, அட்சதை பறக்கிறது, நீங்கள் 1/60 நொடி ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கை ஆட்டத்தைத்தான் அடக்கும், மாப்பிள்ளையின் கை ஆட்டத்தை அடக்காது. கடைக்காரர் இதைப் பெரிய விஷயமாகச் சொல்வார், வீடியோவுக்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் முகூர்த்த நேரத்துப் படத்துக்கு வேண்டியது 1/200. அதற்கு வேண்டிய வெளிச்சத்தை லென்ஸில் இருந்தோ ஃப்ளாஷில் இருந்தோ ஐஎஸ்ஓவை ஏற்றியோதான் எடுக்க வேண்டும்.

சிவப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அதில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட லென்ஸில் எடுத்த படங்களில் மட்டும் ஃபோகஸ் எப்போதும் ஒரே பக்கமாக, கண்ணுக்குப் பதிலாகக் காதிலோ மூக்கு நுனியிலோ விழுந்தால் அது டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவில்) லென்ஸுக்கும் பாடிக்கும் ஒத்துப்போகாத கோளாறு. கேனான் 6டி, 80டி, 5டி மார்க் 3, நிக்கான் டி750 எல்லாவற்றிலும் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே வழி இருக்கிறது. ட்ரைபாடில் வைத்து, சாய்வாக வைத்த ஒரு ஸ்கேலைப் படம் பிடித்துப் பிடித்து அரை மணி நேரத்தில் சரிபண்ணிவிடலாம், செலவு பூஜ்யம். இரண்டாவது வகை, ஃபோகஸ் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால், ஒரு தடவை பின்னால் இருக்கும் வாழைமரத்தில் என்று தாறுமாறாக விழுவது, முக்கியமாக மணமக்கள் நடந்து வரும்போதும், முகம் ஃப்ரேமின் ஓரத்தில் இருக்கும்போதும். இங்கேதான் பாடி பேச ஆரம்பிக்கிறது. 6டியில் மொத்தமே 11 ஃபோகஸ் புள்ளி, நடுவில் இருப்பது மட்டும்தான் இருட்டில் நம்பக்கூடியது. அதை வைத்து ஃபோகஸ் பிடித்துக் கேமராவைத் திருப்பினால், எஃப் 1.8ல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஃபோகஸ் ஆழம் குறையும்) கண் போயே போய்விடும். 2018ல் வந்த சோனி ஏ7 மார்க் 3யில் 693 புள்ளிகள், ஃப்ரேமின் பெரும்பகுதியை மூடிக்கொண்டு. அதற்குப் பிறகு வந்த கேனான் ஆர்6, நிக்கான் இசட்6 மார்க் 2 எல்லாம் கண்ணைக் கண்டுபிடித்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான படம், எடுப்பவருக்கு சிவப்பில் இந்த இரண்டாவது வகை குவிந்திருந்தால், சரி, அது ஒரு நியாயமான காரணம்.

பச்சை, அதாவது நாய்ஸ். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். சின்ன கிராப் சென்சாரில் இருந்து பெரிய ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் கிடைக்கும் லாபம் சுமார் ஒரு ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கொஞ்சமும். எஃப் 2.8 ஜூமைக் கழற்றி எஃப் 1.8 லென்ஸை மாட்டினாலும் கிடைப்பது கிட்டத்தட்ட அதே அளவுதான்: ஐஎஸ்ஓ 6400ல் எடுக்க வேண்டியதை 2500க்குப் பக்கத்தில் எடுத்துவிடலாம். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் பாடி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு சிக்கல் உண்டு, 1.8ல் மாப்பிள்ளை முகம் தெளிவாக இருந்தால் பெண்ணின் முகம் மங்கலாக இருக்கலாம், இரண்டு பேரும் ஒரே தூரத்தில் இருக்கும் கோணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அப்புறம் 2023 ஏப்ரலில் லைட்ரூமிலேயே ரா ஃபைலுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படத்துக்கு) நாய்ஸைக் குறைக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்துவிட்டது. போன வருஷம் வேண்டாம் என்று கழித்த ஐஎஸ்ஓ 12800 படத்தை அதில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் ஆகும், அதனால் எல்லாப் படத்துக்கும் போடாமல் ஆல்பத்துக்குப் போகிறவற்றுக்கு மட்டும் போடுங்கள். இதற்குப் பிறகும் பச்சை குறையவில்லையென்றால் பாடியைப் பற்றி யோசிக்கலாம். ஏற்கனவே ஃபுல் ஃப்ரேமில் இருக்கிறவர்கள் நாய்ஸுக்காக மாற்றப் போகிறேன் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன், டி750யில் இருந்து இசட்6க்குப் போய் ராத்திரிப் படத்தில் வித்தியாசம் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும். ஃபோகஸில், வ்யூஃபைண்டரில் வித்தியாசம் இருக்கிறது, அது வேறு கதை.

நீலத்துக்கு மருந்து ஃப்ளாஷ் பழகுவதுதான். மலையில் இதற்கென்றே தனித் தொந்தரவு உண்டு. பழைய கிளப்புகளிலும் பங்களா ஹோட்டல்களிலும் கூரை மரப்பலகை, ஃப்ளாஷை மேலே அடித்தால் எல்லோர் முகமும் தேநீர் நிறத்தில் வரும். தகரக் கூரைக்குக் கீழே ரோஸ் துணி கட்டிய பந்தலில் அப்படி மேலே அடித்து பவுன்ஸ் செய்தால் ரோஸ் முகம். இரண்டு லட்ச ரூபாய் பாடியும் அதே ரோஸ் முகத்தைத்தான் எடுக்கும், இன்னும் தெளிவாக எடுக்கும். ஸ்டாண்டில் ஒரு ஃப்ளாஷ், ஒரு குடை, கேமராவில் இருந்து அந்த ஃப்ளாஷை அடிக்க வைக்கும் ஒரு ட்ரிகர் வாங்கினால் இந்தத் தலைவலி முக்கால்வாசி தீரும். ரிசப்ஷனில் டிஜே போடும் ஊதா, நீல எல்இடி நேராக முகத்தில் விழும்போது சென்சாரில் ஒரே ஒரு நிறம் வழிந்துபோய் முகத்தில் விவரமே இருக்காது, அதற்கும் ஃப்ளாஷ்தான், இல்லையென்றால் விளக்குக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவதுதான்.

அடுத்து உங்கள் வேலை என்ன என்பதைப் பாருங்கள். நம் ஊரில் ட்ரெடிஷனல், கேண்டிட் என்று இரண்டாகப் பிரித்துத்தான் ஆர்டரே வருகிறது. மேடையில் நின்று, வரிசையில் வருகிற சொந்தக்காரர்களை மணமக்களோடு நிற்க வைத்து, ஃப்ளாஷ் போட்டு, எஃப் 5.6, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 800 என்று எடுக்கும் ட்ரெடிஷனல் வேலைக்கு, 2012ல் வந்த 5டி மார்க் 3க்கும் இன்றைக்கு வந்த பாடிக்கும் ஆல்பத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, யாரையும் கூப்பிட்டு இரண்டையும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். மெகாபிக்சல் கணக்கும் இப்படித்தான். நாம் போடும் பெரிய ஆல்பம் 12க்கு 36 அங்குல விரிப்பு, அதில் பாதிப் பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600க்கு 5400, அதாவது 20 மெகாபிக்சல்கூட இல்லை. 24 மெகாபிக்சல் படம் ஒன்றையே குறுக்கே வெட்டி முழு விரிப்புக்கும் பரப்பினால் அங்குலத்துக்கு 167 புள்ளி வரும், கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு அது போதும். 45 மெகாபிக்சலால் உறுதியாக நிரம்பப்போவது உங்கள் ஹார்ட் டிஸ்க்தான்.

கேண்டிட் எடுப்பவர் கதை வேறு, வெளிச்சம் தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில், நகர்கிற முகத்தை, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுக்கிறார். பாடி மாற்றினால் பலன் தெரிவது இவருக்குத்தான். வீடியோவும் சேர்த்துச் செய்கிறவர் இன்னொரு வகை. 6டி மார்க் 2 போன்றவற்றில் 4கேயே கிடையாது, பல பாடிகள் 29 நிமிஷம் 59 நொடியில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும், ஆர்6, ஏ7 மார்க் 3 உட்பட. ஆர்6 மார்க் 2வில் அந்தத் தடை இல்லை. கேமரா சூடாகி அணைந்துபோவது பற்றி இணையம் முழுக்கப் புலம்பல் இருக்கும், கீழே சென்னையில், மதுரையில் எடுக்கிறவர்களின் புலம்பல் அது. ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கேமரா சூடானால் கையைக் காய வைத்துக்கொள்ளலாம்.

இனி கழிவுப் படங்களில் தெரியவே தெரியாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பாடியா? அதில் ஒரே ஒரு மெமரி கார்டு ஸ்லாட்டா? அப்படியென்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம், இரண்டாவது பாடி வாங்குங்கள், இரண்டு ஸ்லாட் இருப்பதாக. தாலி இரண்டாவது தடவை கட்ட மாட்டார்கள். கார்டு எந்த அறிவிப்பும் இல்லாமல் சாகும், அந்த நேரத்தில் இரண்டு கார்டிலும் ஒரே சமயத்தில் பதிவாகிற கேமரா வைத்திருக்கிறவர் நிம்மதியாகத் தூங்குவார். கீழே கோயம்புத்தூரில் இருக்கிற போட்டோகிராஃபருக்குக் கேமரா நின்றுபோனால் அரை மணியில் வாடகைக்கு ஒன்று வந்துவிடும். நாம் ஊட்டியில் இருக்கிறோம், கோயம்புத்தூர் 85 கிலோமீட்டருக்குப் பக்கம், நடுவில் மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சி சமயம் என்றால் மழையே வேண்டாம், வண்டிகளே ரோட்டை அடைத்துவிடும். 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. கொடைக்கானலில் இருக்கிறவர்களுக்கும் வத்தலக்குண்டு இறங்கி திண்டுக்கல்லோ மதுரையோ போய் வருவதற்குள் கல்யாணம் முடிந்து பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். மலையில் இருக்கிறவருக்கு இரண்டாவது பாடி ஆடம்பரச் செலவில் சேராது, ஸ்டெப்னி மாதிரி, அது இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இரண்டாவது பாடி புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இப்போதிருக்கும் லென்ஸ் அப்படியே மாட்டுகிற, இரண்டு ஸ்லாட் உள்ள, பழைய பாடி ஒன்று போதும். டி750 இரண்டு எஸ்டி கார்டு எடுக்கும், 5டி மார்க் 3 ஒரு சிஎஃப், ஒரு எஸ்டி. பெயரில் புதிதாக இருக்கிற எல்லாவற்றிலும் இரண்டு ஸ்லாட் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்: கேனான் ஆர், ஆர்8, நிக்கானின் முதல் இசட்6, மூன்றிலும் ஒன்றுதான்.

மலையில் எந்த அம்சத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், விமர்சனம் செய்கிறவர்கள் யாரும் இங்கே வந்து எடுத்துப் பார்ப்பதில்லை.

முதலில் பேட்டரி. குளிரில் லித்தியம் பேட்டரி வேகமாக இறங்கும். டிஎஸ்எல்ஆரில் இருந்து மிரர்லெஸ் போகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு அதிர்ச்சி, ஏனென்றால் ஒரே தர அளவீட்டில் ஒரு சார்ஜுக்கு டி750க்கு 1230 ஷாட், முதல் இசட்6க்கு 310. நடைமுறையில் தொடர்ந்து எடுக்கும்போது இரண்டிலுமே அதைவிட அதிகம் கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி போகாது. ஏ7 மார்க் 3 இந்த விஷயத்தில் கெட்டிக்காரன், 710. மிரர்லெஸ் வாங்கினால் கூடவே குறைந்தது மூன்று பேட்டரி என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், மாட்டாத பேட்டரிகளை ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வையுங்கள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

பனி மூட்டம். ஃபோகஸ் பிடிக்க கான்ட்ராஸ்ட் வேண்டும், மூட்டத்தில் அதுதான் இல்லை, ஊட்டி பைக்காராவிலோ கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலோ ப்ரீ வெட்டிங் எடுத்தவர்களுக்குத் தெரியும், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். புது பாடிகள் ஆளை அடையாளம் கண்டு பிடிப்பதால் கொஞ்சம் மேல், ஆனால் மந்திரமில்லை. புடவை ஜரிகைக் கரையில், தலைமுடிக்கும் நெற்றிக்கும் நடுவில் இருக்கும் கோட்டில் ஃபோகஸ் வைத்தால் பழைய பாடியும் பிடிக்கும். இன்னொன்று, வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக் கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், ஒரு ஸ்டாப் ஏற்றி எடுக்க வேண்டும். படுகர் கல்யாணத்தில் பெரியவர்கள் எல்லோரும் வெள்ளையில் வட்டமாக நின்று ஆடும்போதும் இதே பிரச்சினைதான், பின்னால் பச்சைத் தேயிலைத் தோட்டம், மேலே வெள்ளை வானம், நடுவில் வெள்ளை உடுப்பும் அதில் கருத்த முகங்களும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் உடுப்பு வெந்துபோகும், உடுப்புக்கு வைத்தால் முகம் இருண்டுபோகும். இங்கே மிரர்லெஸ்ஸின் எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் உண்மையிலேயே காசுக்கு மதிப்பு, ஷட்டரை அழுத்துவதற்கு முன்னாலேயே வெள்ளை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எடுத்துவிட்டு, பின்னால் திரையைப் பார்த்து, திரும்ப நிமிர்வதற்குள் ஆட்டத்தில் ஒரு சுற்று முடிந்திருக்கும்.

சத்தமில்லாத ஷட்டரையும் இதில் சேர்க்கலாம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் மாதிரி 1830ஐ ஒட்டிக் கட்டிய பழைய சர்ச்சுகளில் மர வேலைப்பாடு அதிகம், உள்ளே வெளிச்சம் மட்டு, பல சர்ச்சுகளில் ஃப்ளாஷ் வேண்டாம் என்பார்கள், ஜெபம் நடக்கும்போது டிஎஸ்எல்ஆர் ஒவ்வொரு தடவையும் தட்டுவது கூச்சமாக இருக்கும். ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், சென்சாரை மெதுவாகப் படிக்கும் பாடிகள், எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாகப் போட்டுவிடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடுகிற சாதாரண விளக்கு நொடிக்கு 100 தடவை சிமிட்டும், அதனால் 1/50, 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடையில் பின்னால் பெரிய எல்இடி திரை வைக்கிற ரிசப்ஷனில் எலக்ட்ரானிக் ஷட்டர் பக்கமே போக வேண்டாம், மெக்கானிக்கலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஈரம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. பாடியில் மட்டும் ஈரம் புகாத சீலிங் இருந்து லென்ஸில் இல்லையென்றால் பெரிய பயனில்லை, 50 எம்எம் 1.8 லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது. அதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் கூடலூர், நடுவட்டம் பக்கம் சுவரே வியர்க்கும், அந்த வீட்டில் பீரோவுக்குள் தோல் பையில் கேமராவை வைத்தால் லென்ஸில் பூஞ்சை வராமல் வேறென்ன வரும். ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிற்கிற ட்ரை கேபினட் ஒன்று இல்லாதவர் புது பாடி பற்றி யோசிக்கவே கூடாது என்பேன், அதுதான் முதல் செலவு. அதுவரைக்கும் மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போதும். வெளியே குளிரில் இருந்து, ஐநூறு பேர் மூச்சும் ஹோமப் புகையும் நிறைந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காதீர்கள், ஜிப்பை மூடியபடியே அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். எந்த விலை கேமராவுக்கும் இதில் விலக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாம் என்றுதான் கணக்கு வருகிறது என்றால், பாடி விலையை மட்டும் பார்க்காதீர்கள். பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்ட அடாப்டர், இரண்டு ஸ்லாட்டுக்கும் வேகமான கார்டுகள், பேட்டரிகள், பெரிய ஃபைலைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க், சில சமயம் புது ரா ஃபைலைத் திறக்க சாஃப்ட்வேர் அப்டேட், அதை ஓட்ட முடியாத பழைய கம்ப்யூட்டர், இப்படி வால் நீண்டுகொண்டே போகும். கேனானில் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஆர் பாடிகளில் நன்றாகவே வேலை செய்யும், சில லென்ஸ் முன்பைவிட நன்றாக. நிக்கானில் கவனம் வேண்டும்: மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்கள், அந்த 50 எம்எம் 1.8 டி, 85 எம்எம் 1.8 டி எல்லாம், எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வராது. மலையில் பல ஸ்டூடியோக்களில் இன்னும் அவைதான் ஓடுகின்றன. கம்பெனியே மாறுகிறவர்களுக்கு ஃப்ளாஷும் செலவு: கேனானுக்கு வாங்கிய கோடாக்ஸ் ஃப்ளாஷை சோனி மேல் மாட்டினால் டிடிஎல் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே தீர்மானிப்பது) வேலை செய்யாது. ஸ்டாண்டில் வைத்து அடிக்க அதே ஃப்ளாஷ் போதும், ட்ரிகரை மட்டும் சோனிக்கு மாற்றினால் சரி.

மொத்தம் இரண்டரை லட்சம் வருகிறது, மூன்று வருஷம் ஓட்டுவீர்கள், வருஷத்துக்கு 25 கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 3,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காசை ஒவ்வொரு ஆர்டரிலும் கூடுதலாகக் கேட்டு வாங்க முடியுமா என்று யோசியுங்கள். பார்ட்டி நம்மிடம் 'அண்ணா, ஆல்பம் எப்ப வரும்' என்று கேட்பார்கள், 'எந்த பாடியில் எடுத்தீங்க' என்று கேட்பவர்கள் மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர்தான், அவர்கள் காசு கொடுக்கப்போவதில்லை. கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர் பில்லோடு வாங்கினால் அதை வரவு வைத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், வாரண்டியும் போச்சு, இந்த வரவும் போச்சு என்று சேர்த்துக் கழித்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது, கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அடையாள அட்டையும் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். முக்கிய கேமராவாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இரண்டாவதாகத் தோளில் இருக்கட்டும். உங்கள் பழைய பாடியில் சிவப்பு லேபிள் குவிந்த அதே சமயங்களில், பெண் அழைப்பு, மாலை மாற்றுவது, நலங்கு, அங்கே மட்டும் அதை எடுத்து ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து அதே லேபிள் முறையில் கழியுங்கள். சிவப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் வாங்கலாம், பத்துக்கு எட்டாக மாறியிருந்தால் லென்ஸ் பக்கம் திரும்புங்கள்.

எப்போது மாற்றுவது என்றால் ஆடி மாதம். கல்யாணம் இருக்காது, வெளியே மழை, உட்கார்ந்து மெனுவைப் பழகலாம், பட்டன்களை மாற்றி வைக்கலாம், வீட்டுக் குழந்தைகளை ஓடவிட்டு ஃபோகஸ் பழகலாம். மார்கழியும் பரவாயில்லை. வைகாசி நடுவில் புது பாடியைப் பெட்டியில் இருந்து எடுத்து நேராக முகூர்த்தத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், கை பழைய இடத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது அங்கே கெட்டிமேளம் முடிந்துவிடும். தீபாவளிச் சலுகைக்குக் காத்திருந்து வாங்கினாலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அதுவரை எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது என்பதைக் கேளுங்கள். டி750க்கும் 5டி மார்க் 3க்கும் 1,50,000 ஷாட் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது, ஏ7 மார்க் 3க்கு 2,00,000, ஆர்6க்கு 3,00,000. கல்யாணத்துக்கு 3000 ஷாட், வருஷத்துக்கு 30 கல்யாணம் என்றால் வருஷம் 90,000 ஓடும், ஆக நம் தொழிலில் மூன்று வருஷம் ஓடிய டி750 என்றால் அந்த எண்ணைத் தாண்டியிருக்கும். தாண்டியதும் செத்துவிடாது, ஷட்டரை மட்டும் மாற்றலாம், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே எண்ணிக்கை பதிவாகியிருக்கும். இங்கேயே மலையில் இருந்த கேமராவாக இருந்தால் வ்யூஃபைண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். கிரிப் ரப்பர் உப்பியிருக்கிறதா, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு இரண்டிலும் பதிவாகிறதா, எல்லாம் பாருங்கள். வானத்தை எஃப் 16ல் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி தெரியும், தூசி பரவாயில்லை, கீறல் வேண்டாம். டிஎஸ்எல்ஆர் பாடி மலிவாக வருகிறதே என்று ஆசைப்படலாம், தப்பில்லை, ஆனால் கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிதாக வடிவமைத்த டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை, அதனால் அதற்கென்று புது விலையில் பெரிய லென்ஸ் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

பழைய பாடியை விற்றுத்தான் புதிது வாங்க வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள், ஒரு சீசன் இரண்டும் கையில் இருக்கட்டும். இரண்டு பாடியோடு போகும் முதல் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் வித்தியாசம் இருந்தால் லைட்ரூமில் நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும், ஆல்பம் டிசைனர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.